மாத்திரையும் மூலிகையும்: ஒரு வீண் வழக்கு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நோய்களுக்குப் பெயர் சூட்டுவதில் நம் மக்கள் வல்லவர்கள். மஞ்சள் காமாலை, கக்குவான் இருமல், யானைக்கால், பக்கவாதம் என்று பெயரைச் சொன்னதுமே நோய் கண்முன் வந்து நின்றுவிடும். ஆயினும் ஒரே ஒரு நோய்க்கு மட்டும் நாம் சூட்டிய பெயர் நம்மையே ஏமாற்றிவிட்டது என்பது என் எண்ணம். அதுதான் 'இரத்தக் கொதிப்பு'.

கொதிப்பு என்றால் சூடு. சூடு என்றால் குளிர்ச்சி கொடுத்தால் தணியும். ஆகவே மோர், இளநீர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. கொதிப்பு என்றால் கோபம் என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? ஆகவே கோபக்காரர்களுக்கு வரும் நோய் இது, சாந்தமானவர்களுக்கு வராது. இப்படி ஒரு சொல்லிலிருந்தே ஒரு வைத்தியமுறை முளைத்து, கிளைவிட்டு, நம் தெருக்களில் நிழல் பரப்பி நிற்கிறது. எங்கள் தெருவில் யாரிடமும் உரக்கப் பேசாத ஒரு பாட்டிக்குச் சுகாதார முகாமில் 180 என்று கண்டபோது, "அந்த மெஷினு சரியில்ல" என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

உண்மையில் இரத்தம் கொதிப்பதே இல்லை. 120 இருப்பவருக்கும் 200 இருப்பவருக்கும் இரத்தத்தின் வெப்பம் ஒன்றே. ஏறுவது வெப்பம் அன்று. குழாய்ச் சுவரின் மீது இரத்தம் செலுத்தும் அழுத்தம். இதை எண்ணால் சொன்னால் நம் அறிவியல் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். 140 என்பது 140 மில்லி மீட்டர் பாதரசம். பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு. பெருக்கிப் பாருங்கள்: 190 சென்டி மீட்டர் உயர நீர்த்தூண்! ஓர் ஆளின் உயரத்தை விஞ்சும் தண்ணீரைத் தாங்கும் அழுத்தத்தை, உள்ளங்கையளவுள்ள இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டு அடி மூன்று அங்குலம் ஏறியதைக் கண்டு, 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதனைக் குத்தாமல் கிழிக்காமல் அளக்கும் பட்டையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இலும், கையின் மடிப்பில் ஒலி கேட்டு அளக்கும் முறையை ருஷ்யாவின் கொரோட்கோவ் 1905இலும் தந்தனர். நம் ஊர்ச் செவிலியர் பட்டையைக் கட்டி, காற்றடித்து, காதில் குழல் வைத்துக் கேட்பது அந்த ஒலியைத்தான்.

இவ்வளவு அழுத்தம் நாளெல்லாம், ஆண்டெல்லாம், மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய குழாய்களை இடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இடிபடும்போது வலிக்காது. அதுதான் இந்நோயின் வஞ்சகம். உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களில் பாதிப்பேர் அளவுக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாதென்றும், ஐவரில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஐவரில் நால்வரைத்தான் நான் தினமும் பேருந்தில் பார்க்கிறேன் என்று தோன்றுகிறது.

இனி வழக்குக்கு வருவோம். 'ஆங்கில மருந்தா, நாட்டு மருந்தா?' என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு கட்சி உடனே பிரிந்துவிடும். ஒரு கட்சி, மாத்திரை என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன விஷம், ஒன்றைக் கெடுத்து ஒன்றை ஆற்றும், சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்னும். மறு கட்சி, மூலிகை என்றாலே மூடநம்பிக்கை, கிராமத்தான் பேச்சு என்று முகம் சுளிக்கும். பட்டிமன்றத்திற்கு நல்ல தலைப்பு. ஆனால் நோயாளியின் உடம்பு பட்டிமன்ற மேடை அன்று.

இந்த வழக்கே வீண் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. மாத்திரை வருவதற்கு முன் உலகம் எப்படி இருந்தது? அமெரிக்காவின் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் இரத்த அழுத்தம் 186/108. அவருக்குக் கிடைக்காத மருத்துவர் உண்டா, வாங்க முடியாத மருந்து உண்டா? ஆயினும் அன்று மருத்துவர்களால் பெரிதும் சொல்ல முடிந்தவை ஓய்வு, உப்புக் குறைப்பு, உடல் எடைக் குறைப்பு ஆகியவையே. நம் பாட்டிமார்கள் சொல்வதும் அதுதான். 1945 ஏப்ரல் 12 அன்று, 'தலை கடுமையாக வலிக்கிறது' என்று சாய்ந்தார். அன்று அளந்தபோது 300/190. மூளையில் இரத்தக் கசிவு. வயது 63. மாத்திரையே வேண்டாம், பத்தியம் போதும் என்பவர்கள் இந்த ஒரு மரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பெரிதும் பத்தியந்தான் இருந்தது.

அப்படியானால் மூலிகைக் கட்சி தோற்றதா? இல்லை. அதே காலத்தில் நம் நாட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் வைத்தியர்கள் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்க மருத்துவர்கள், அவ்வேர் உயர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே 1931இல் டில்லியின் திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியலார் அவ்வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை இங்கிலாந்தின் இதயநோய் இதழில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். நாளொன்றுக்குக் கால் மில்லிகிராம் அளவே போதும்.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு பிரைஸ் என்பவர் தலைமையில், மிக உயர்ந்த அழுத்தமுள்ள 143 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு வெற்று மாத்திரை. 1967இல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது; மருந்து உண்டவர்களில் இருவருக்கு மட்டுமே. இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்று உலகிற்கு முதன்முதலில் ஐயமற நிறுவிய ஆய்வு அது. அந்த மருந்தில் மூன்று பொருள்கள் கலந்திருந்தன. மூன்றில் ஒன்று எது தெரியுமா? ரெசர்பின்! நம் சர்ப்பகந்தா வேரின் சத்து!

ஆகவே மாத்திரை வெள்ளைக்காரனுடையது, மூலிகை நம்முடையது என்ற பாகப்பிரிவினை செல்லாது. மூலிகைதான் மாத்திரைக்குள் போயிருக்கிறது. போகும்போது ஒன்றைக் கூடுதலாகப் பெற்றுக்கொண்டது: அளவு. மண்ணுக்கு மண், பருவத்திற்குப் பருவம், செடியின் வயதுக்கு வயது வேரின் சத்து மாறும். இன்று பிடுங்கிய வேரும் நாளை பிடுங்கும் வேரும் ஒன்றல்ல என்பதை வேதியியல் படிக்கும் எவரும் ஒப்புக்கொள்வர். மாத்திரையில் அது மாறாது. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குவதாகப் பேச்சு எழுந்தது, வேறு நல்ல மருந்துகள் வந்தன, அதன் பயன் பெரிதும் குறைந்துபோயிற்று. மூலிகைக்குப் பக்கவிளைவே இல்லை என்று மேடையில் முழங்குவோர் இதைச் சொல்வதில்லை. (மாத்திரையின் தாய்வீடு மூலிகை மட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது காப்டோபிரில். 1981இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் தம்பிதான் நம் மருத்துவமனைகளில் கொடுக்கும் எனாலபிரில்.)

இவ்வளவையும் நூலகத்தில் தேடிப் படிக்க வைத்தது எது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் பன்னிரண்டாம் வகுப்பில் விடுதியில் தங்கிப் படித்த ஆண்டில், அப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் அழுத்தம் கண்டு இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு, "ஏம்மா, எனக்குத் தலையும் சுத்தல, மயக்கமும் வரல. நல்லாருக்கிற ஒடம்புக்கு எதுக்கு மருந்து?" என்றார். அந்தச் சமயத்தில், பரம்பரை வைத்தியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் ஒரு மண்டலத்திற்குக் கஷாயம் கொடுத்தார். 48 நாளுக்கு 2,400 ரூபாய். கஷாயத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதைவிடக் கொடியது அவர் கஷாயத்தோடு சேர்த்துக் கொடுத்த ஒரு சொல்: "மாத்திரையை நிறுத்து. ரெண்டும் சேர்ந்தா விஷம்."

மண்டலம் முடிவதற்குள் ஒரு விடியற்காலை அப்பாவின் வலக்கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவியது. வாய் கோணிற்று. பேச்சு குழறிற்று. மருத்துவமனையில் 220/130 என்று எழுதினார்கள். உயிர் பிழைத்தார். இன்று நடக்கிறார், பேசுகிறார். ஆனால் அந்தக் கை மூட்டைக்கு உதவாது.

நான் அந்தக் கஷாயத்தைப் பழிக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்றே தெரியாதபோது எப்படிப் பழிப்பது? நான் பழிப்பது 'நிறுத்து' என்ற அந்த ஒரு சொல்லை. அவர் 'மாத்திரையோடு இதையும் குடி' என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய நட்டம் பெரும்பாலும் 2,400 ரூபாயோடு நின்றிருக்கும். பிற்பாடு சுகாதார நிலையத்தில் உள்ள சித்த மருத்துவரிடம் கேட்டேன். பட்டம் பெற்ற மருத்துவர். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்து வருகிறவர்கள் இவர்கள். "அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கும் கிடையாதம்மா, எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது" என்றார். ஆகவே நம் வழக்கு சித்த மருத்துவத்தோடும் அன்று. உயர் இரத்த அழுத்தத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது. தடை ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரிலும் கைபேசியிலும் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒன்றை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பா ஏன் அவரை நம்பினார்? அந்த வைத்தியர் அரைமணி நேரம் பேசினார். நாடி பிடித்தார். என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மருத்துவமனையில் நீண்ட வரிசை. ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். அம்மா ஒருமுறை, முருங்கைக்கீரைச் சாறு கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "கண்டதையும் குடிச்சிட்டு இங்க வராதீங்க" என்று பதில் வந்தது. அதன்பின் அம்மா எதையும் கேட்பதில்லை. கேட்பதில்லையே தவிர, கொடுப்பதை நிறுத்தவில்லை. வைத்தியரிடம் மாத்திரையை மறைப்பது, மருத்துவரிடம் கீரைச்சாற்றை மறைப்பது என்று நம் வீடுகளில் ஒரு தலைமறைவு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. ஏன் மாத்திரையை விட்டார்கள் என்று விசாரித்தாலும் அப்படித்தான். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனாலபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். சொல்லத் துணிவில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தத்திற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது நிறுத்தாமல் இருப்பதைவிட ஆபத்து என்பது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. சிறுநீரகத்தை மாத்திரை கெடுக்கும் என்று அஞ்சி விட்டவர்களின் சிறுநீரகத்தை அழுத்தம் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

துணை வைத்தியங்கள் என்னதான் செய்கின்றன? இதை எண்ணிக்கையில் பார்த்தால் சண்டையே இல்லை. ஒரு மாத்திரை வழக்கமான அளவில் மேல் எண்ணைச் சராசரியாக 9 மில்லி மீட்டர் அளவு குறைக்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் குறையும். காய், பழம், கொழுப்பு நீக்கிய பால், முழுத்தானியம் மிகுந்த உணவை மட்டும் கொடுத்து அமெரிக்காவில் நடத்தி 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு 11 மில்லி மீட்டர் அளவு குறைந்தது. மாத்திரைக்குச் சமானம்! (அந்தப் பழங்களுக்கு ஆய்வு நடத்தியவர்கள் காசு கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.) நடைப்பயிற்சி, யோகாசனம், மெதுவாக மூச்சை இழுத்து விடுதல், பூண்டு ஆகியவற்றிற்கும் சில மில்லி மீட்டர் பலன் உண்டென்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிறிய பலன்தான், ஆனாலும் பலன்.

180 உள்ள ஒருவர் 140க்குக் கீழே இறங்க வேண்டுமானால் 40 படி இறங்க வேண்டும். ஒரு மாத்திரையால் ஆகாது. பூண்டால் நிச்சயமாக ஆகாது. இரண்டு மாத்திரை, ஐந்து கிலோ எடை, கைப்பிடியளவு குறைந்த ஊறுகாய், மாலையில் ஒரு மணி நேர நடை என்று எல்லாம் சேர்ந்துதான் ஆளை இறக்க வேண்டும். நம் கணிதப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். உடம்புக்குள் இந்தக் கூட்டல் எண்ணுக்கு எண் சரியாக வராது. அழுத்தம் மிகுந்திருந்தால் இறக்கமும் சற்று மிகுதியாக இருக்கும். ஆனாலும் இது கூட்டல் கணக்கே ஒழிய, ஒன்றைக் கழித்து ஒன்றை வைக்கும் கணக்கு அன்று. துணை வைத்தியத்தில் 'துணை' என்ற சொல் எதற்காக இருக்கிறது?

துணைகளில் எல்லாம் தலையாயது உப்பு. இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனெனில் இது எங்கள் துறையின் சரக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சிறு கரண்டி மட்டம் தட்டிய அளவு. சோடியத்தின் அணு எடை 23, சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.5. ஆக உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம். 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம். ஒரு நாள் முழுவதற்கும் இவ்வளவுதான். இனி உழைப்பாளி வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் பழைய சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது மோர் மிளகாய். பகலில் சோறு, குழம்பு, ஒரு துண்டு கருவாடு. காய் வாங்கக் காசில்லாத நாளில் சோற்றை உள்ளே தள்ளுவது உப்புதான். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பணக்காரர் வீட்டில் பழமொழி. எங்கள் வீட்டில் அது பொருளாதாரம். வேர்வையில் உப்பெல்லாம் போய்விடுகிறதே என்று அப்பா வாதாடுவார். வேர்வையில் உப்பு போவது மெய்தான். ஆனால் போவதைவிட வருவது மிகுதி என்பதற்கு அவர் இரத்த அழுத்தமே சாட்சி.

இப்போது கடைகளில் இந்துப்பு பெரிய பெயர் பெற்று விளங்குகிறது. அழுத்தக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமாம்! நம் ஆய்வகத்தில் குளோரைடு அளவறியும் சோதனை செய்த பிற்பகலில், பேராசிரியரின் அனுமதியோடு வீட்டு இந்துப்பையும் சாதாரணப் பொடியுப்பையும் ஒரே எடையில் கரைத்து, பொட்டாசியம் குரோமேட்டைக் காட்டியாக வைத்து, சில்வர் நைட்ரேட்டால் தரம் பார்த்தோம். மஞ்சள் கரைசலில் செங்கல் நிறம் நிலைக்கும் புள்ளி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. இந்துப்பு என்பது பூமிக்குள் உறங்கிய பழைய கடலின் உப்பு. பெரும்பகுதி சோடியம் குளோரைடேதான். நிறம் இளஞ்சிவப்பு, விலை பல மடங்கு. இரத்தக் குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. கூடவே, அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதும் இல்லை.

சோடியத்திற்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்த உப்பு வேறு கதை. சீனாவில் 600 கிராமங்களில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துச் சோதித்ததில், பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்ததென்று 2021இல் ஆய்வு வந்தது. நல்ல செய்தி. ஆனால் சிறுநீரகம் கெட்டவருக்கும், எனாலபிரில் டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரை உண்பவருக்கும் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். அதுபோலவே நம் அதிமதுரம். தொண்டைக்கு இதமான, இனிப்பான, பாட்டி கொடுக்கும் வேர். அதில் உள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் நாள்தோறும் அளவுக்கு மிஞ்சினால், உடலில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அதிமதுரம் கலந்த சூரணத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இல்லையென்று யார் சொல்ல முடியும்? உப்பு மாத்திரையை அறிய வேண்டும். மாத்திரை சூரணத்தை அறிய வேண்டும். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே உடம்புக்குள் இவை சந்திக்கக்கூடாது.

இதற்காக நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தமிழகத்தில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது. ஒரே வளாகம், ஒரே வேப்பமரம், இரண்டு கட்டடம். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை இரண்டு வரிசை, இரண்டு சீட்டு. இந்தச் சீட்டில் உள்ளது அந்த அறைக்குத் தெரியாது. இரண்டு அறைக்கும் ஒரே நோட்டு போதும். இடப்பக்கம் மாத்திரை, வலப்பக்கம் சூரணமும் கஷாயமும், கீழே அளந்த எண். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பெரிய மனம்தான் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்ற எத்தனையோ பேருக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை வருகிறது. அப்பாவின் கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரும் அத்திட்டத்தில் வந்தவரே. வாசல்வரை மாத்திரையைக் கொண்டுவர முடிந்த அரசுக்கு, "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கடிந்துகொள்ளாமல் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்வது கடினமா என்ன?

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பத்தில் ஆறு குறளை உணவின் அளவுக்கே செலவிட்டார். கடைசியில் மருத்துவத்திற்கு நான்கு கூறு சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக அருகிலிருந்து கவனிப்பவர். முதல் மூவரைப் பற்றித்தான் நாட்டில் சண்டை. நான்காமவரை யாரும் கண்டுகொள்வதில்லை. நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர்! வீட்டில் மாத்திரை அட்டையின் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவர்தான். எங்கள் வீட்டு அட்டைகளில் தமிழ் எழுத்தே இல்லை. அப்பா நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அறிவார். கம்பெனி மாறி அட்டையின் நிறம் மாறிய மாதத்தில், இது வேறு மருந்து என்று ஒதுக்கி வைத்துவிட்டார். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்து, "அப்பா, இது பழைய மாத்திரைதான்" என்று சொல்வதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இவ்வாண்டும் சாலை செப்பனிடுவோம், மரம் நடுவோம். செய்ய வேண்டியவையே. அவற்றோடு, அழுத்தம் அளக்கும் கருவிகள் இரண்டையும் நாற்பது பக்க நோட்டுகள் ஒரு கட்டையும் எடுத்துப்போக முடியுமா என்று திட்ட அலுவலரையும் முதல்வர் அவர்களையும் இம்மலர் வாயிலாக வேண்டுகிறேன். அளக்கும் முறையை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒரு பிற்பகலில் நமக்குக் கற்றுக் கொடுத்துவிடுவார். தேநீரோ காப்பியோ குடித்து அரைமணி நேரம் கழிந்திருக்க வேண்டும், புகையிலையும் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். இரண்டு முறை அளக்க வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் கண்டால் பயமுறுத்தாமல் மறுநாளும் பார்த்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் எண்ணை எழுதுவதற்கு முன், அந்த வீட்டு அம்மாவிடம், கீரைச்சாறு, கஷாயம், சூரணம் எது கொடுத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.